மலைப்பாதை ஓட்டம்: கடைசியாக வருபவரை வைத்துத் திட்டமிடுவோம்

வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் பக்கம் வாழும் நமக்கு ஏலகிரி அந்நிய மலை அல்ல. விடுமுறை வந்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போய்விடுகிறோம். அண்மைக் காலமாக நம் ஊர்களில் காலை நடைக்கும் ஓட்டத்துக்கும் வருபவர்கள் கூடியிருக்கிறார்கள். சர்க்கரை நோய்க்காக மருத்துவர் சொல்லி நடக்கத் தொடங்கிய பெரியவர்கள், கல்லூரி மாணவர்கள், வீட்டு வேலைகளுக்கு நடுவே அரை மணி நேரம் ஒதுக்கி வரும் சகோதரிகள் என்று பலர். "மைதானத்தையே எத்தனை நாள் சுற்றுவது? மலைமேல் ஒரு ஓட்டம் வைத்தால் என்ன?" என்று அவர்கள் கேட்பது நியாயமானதே. ஆனால் சமதளத்தில் நடத்திய திட்டத்தை அப்படியே மலைக்குத் தூக்கிச் செல்ல முடியாது.

சமதள ஓட்டத்தில் நம் கவனமெல்லாம் முதலில் வருபவர் மேல்தான்: கோப்பை, மேடை, புகைப்படம். மலையில் திட்டம் கடைசியாக வருபவரிடமிருந்து தொடங்க வேண்டும். முதலில் வரும் இளைஞர் எந்தப் பாதையிலும் வந்து சேர்ந்துவிடுவார். கடைசியில் வரும் ஐம்பத்தைந்து வயதுக்காரர்தான் வெயில் ஏறிய பிறகு, சுற்றுலா வண்டிகள் பெருகிய பிறகு, தண்ணீர் தீர்ந்து தன்னார்வலர்கள் கலைந்த பிறகு தனியாக நடந்துகொண்டிருப்பார். அவருக்கு ஏதாவது நேர்ந்தால் அது அவரோடு முடிவதில்லை. முதன்முறையாக வீட்டில் அனுமதி பெற்று வந்த எத்தனையோ பேருக்கு அடுத்த ஆண்டு கதவு அடைபட்டுவிடும்.

அவர் எத்தனை மணிக்கு வருவார்? இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் 1892-இல் சொன்னது. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். ஏலகிரி அடிவாரத்திலிருந்து மேலே செல்ல ஏறும் உயரமே சுமார் 600 மீட்டர். அதாவது தூரத்துக்கான நேரம் போக, உயரத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்க வேண்டும்.

இங்கே பலர் தடுமாறுவது உண்டு. மலைமேல் ஒரே இடத்தில் தொடங்கி அதே இடத்தில் முடிகிற வட்டப்பாதை என்றால் "ஏற்றமே இல்லை, போன உயரத்துக்கே திரும்பி வருகிறோம்" என்பார்கள். அப்படியல்ல. வழியில் வரும் ஒவ்வொரு மேட்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். இறக்கத்தைக் கழிக்கக் கூடாது. மேலே 10 கிலோமீட்டர் வட்டத்தில் மேடுகளின் கூட்டுத்தொகை 150 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடைக்கு 2 மணி, ஏற்றத்துக்கு 15 நிமிடம், உட்கார்ந்து எழ அரை மணி. ஆக 2 மணி 45 நிமிடம். காலை 6.30-க்குத் தொடங்கினால் கடைசி ஆள் 9.15-க்கு வருவார். 7.30-க்குத் தொடங்கினால் 10.15 ஆகிவிடும், ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் ஏலகிரிச் சாலை எப்படி இருக்கும் என்று நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குளிர்காலத்தில் ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் கீழிருந்து கிளம்பி, 6.30-க்குள் மேலே சேர்ந்து, உடலைத் தயார்ப்படுத்திக்கொள்வது எளிதல்ல. எனவே முந்தின இரவே மேலே தங்கி, அங்கேயே ஜமாஅத்தாகத் தொழுதுவிட்டுத் தொடங்குவதுதான் சரி. செலவு கூடும்தான். வேறு எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பார்க்கலாம், இதில் வேண்டாம்.

நேர எல்லை வைப்பதை இரக்கமின்மை என்று சிலர் நினைக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே மேடு பள்ளமான சாலையில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் ஓட்டம் 1921-இல் தொடங்கியது. அங்கே 12 மணி நேரம் முடிந்ததும் துப்பாக்கி வெடிக்கும். ஒரு வினாடி பிந்தினாலும் கணக்கில் வராது. வழியிலும் இடையிடையே நேர எல்லைகள் உண்டு. நாம் அவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பாதி வழியில் ஓர் இடம் குறித்து, இன்ன நேரத்துக்குள் அங்கே வராதவரை வண்டியில் ஏற்றிக்கொள்வோம் என்று பெயர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அன்றைக்குச் சாலையில் நின்று சொன்னால் மனம் புண்படும்.

எந்தப் பாதை? எங்கள் கருத்து தெளிவானது. பல வயதினரும் கலந்த நிகழ்ச்சி என்றால் மலைமேலுள்ள சமவெளிப் பகுதியிலேயே நடத்துங்கள். வளைவுச் சாலையில் கீழிருந்து மேலே ஏறுவது ஆறு மாதமாவது பயிற்சி உள்ளவர்களுக்கு மட்டும். அதுவும் காவல் துறை போக்குவரத்தை ஒழுங்குபடுத்த ஒப்புக்கொண்டால். மேலிருந்து கீழே ஓடுவது யாருக்கும் வேண்டாம். இறங்குவது பேருந்தில்தான். மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை என்பது விதி. வளைவில் அகலமாகத் திரும்பும் பேருந்து, எதிரே இறங்கி ஓடிவருபவரைப் பார்க்கும்போது நேரம் கடந்திருக்கும். காவல் துறை, நெடுஞ்சாலைத் துறை, உள்ளூர் ஊராட்சி ஆகியோரிடம் எழுத்துமூல அனுமதி வாங்குவது தெரிந்ததே.

இறக்கத்தில் இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. ஏறும்போது மூச்சு வாங்குகிறது, உடனே தெரிகிறது. இறங்கும்போது சுகமாக இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை உடல் எடையைத் தாங்கியபடியே நீள்கிறது. அதில் நுண்ணிய சிதைவு ஏற்பட்டு, வலி ஓரிரு நாள் கழித்தே உச்சத்துக்கு வரும். பாஸ்டன் மாரத்தானில் 'ஹார்ட்பிரேக் ஹில்' என்று ஒரு மேடு உண்டு. உயரம் 27 மீட்டர்தான். ஆனால் அது 32-ஆவது கிலோமீட்டருக்குப் பின் வருகிறது. தொடக்கத்தில் இறக்கத்தில் வேகமாக ஓடித் தொடையைத் தீர்த்துக்கொண்டவர்கள் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். ஆகவே இறக்கத்தில் சிறு சிறு அடிகள். ஏற்றத்தில், ஒரு முழு வாக்கியம் பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் நடக்கலாம். நடப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. தேர்ந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களே செங்குத்தான மேட்டில் நடக்கிறார்கள்.

காலணி தைத்து உலகுக்கு அனுப்பும் ஊர்க்காரர்கள் நாம். ஆனாலும் புது ஷூவை அன்று காலை முதல்முறையாக மாட்டிக்கொண்டு வருபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். இறக்கத்தில் விரல் முன்பக்கம் போய் இடிக்கும். பழகிய ஷூ, வெட்டிய நகம், கணுக்கால் பக்கம் இறுக்கிய கயிறு இருந்தால் போதும்.

சர்க்கரை நோயாளிகள் விஷயத்தில் இருமடங்கு கவனம் தேவை. இன்சுலின் போடுபவர்களுக்கும் சிலவகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஓட்டத்தின்போது சர்க்கரை அளவு திடீரென்று இறங்கலாம். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பேச்சுக் குழறல், காரணமற்ற எரிச்சல் ஆகியவை அதன் அறிகுறிகள். மலையில் இவற்றைப் பார்ப்பவர் "ஏறிய களைப்பு" என்று எண்ணிவிடுவார், அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ இருக்க வேண்டும். விழிப்போடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துப் பரிசோதித்து, தேவையானால் மீண்டும் கொடுக்கலாம். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஓடி முடித்த பிறகும், அன்று இரவிலும்கூடச் சர்க்கரை இறங்கலாம் என்பதை வீட்டாருக்கும் சொல்லி அனுப்புங்கள். அன்றைய மருந்தின் அளவைத் தாமாக மாற்றாமல், முன்பே மருத்துவரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். நெஞ்சில் இறுக்கம், நின்று ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சிரைப்பு என்றால் ஓட்டம் அத்துடன் முடிந்தது. 108 மலையேறி வர நேரமாகும். எனவே ஒரு செவிலியருடன் ஒரு வண்டி பாதையிலேயே நிற்க வேண்டும். வளைவுகளில் செல்பேசி இணைப்பை நம்ப வேண்டாம். எங்கே கிடைக்கிறது, எங்கே இல்லை என்று ஒரு வாரம் முன்பே அதே காலை நேரத்தில் நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கு ஆளுக்கு, பந்தலுக்கு 200 மில்லி போதும். 200 பேர், 4 பந்தல் என்றால் 160 லிட்டர். 20 லிட்டர் கேன் எட்டு. கடைசிப் பந்தலில் இரண்டு கேன்களை மூடியே வைத்திருங்கள். அவை பின்னால் வருபவர்களுடையவை. வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடிப்பதும் உப்புச்சத்தைக் குறைத்து ஆபத்தில் விடும், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்ட அளவுத் தண்ணீரில் கரைத்து வையுங்கள். முடித்தவுடன் வாழைப்பழமும் உலர்ந்த மேலாடையும். மலைக்காற்றில் நனைந்த பனியனோடு நிற்பது நல்லதல்ல. பிரியாணி? ஆம்பூர்க்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பரிமாறுங்கள்.

கடைசி ஆளுக்குப் பின்னால் இரண்டு தன்னார்வலர்கள் நடந்து வரட்டும். பெண்கள் பிரிவில் இருவரும் பெண்கள். அவர்கள் வந்து சேரும்வரை எந்த வளைவிலும் கொடி பிடித்தவர் இடத்தை விட்டு நகரக் கூடாது. கீழே இறங்கும் பேருந்து புறப்படும் முன், தொடக்கத்தில் கொடுத்த எண் அட்டைகளையும் திரும்பி வந்த அட்டைகளையும் ஒருவர் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் எண் குறைந்தாலும் வண்டி நகரக் கூடாது.