கடைசிப் பந்திக்கும் பருப்பு: பத்துப் பேர் வீட்டுக்குச் சிக்கனச் சமையல்

தாத்தா, பாட்டி, அண்ணன் தம்பி இருவர், அவர்தம் மனைவியர், பிள்ளைகள் நால்வர் எனப் பத்துப் பேர் ஒரே உலையை நம்பி வாழும் வீடுகள் மானாவாரிப் பகுதிகளில் இன்றும் உண்டு. இத்தகைய வீடுகளில் கையிருப்புக் குறையும்போது முதலில் மெலிவது குழம்புதான். பருப்பைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவது வழக்கமாகிவிடுகிறது. ஏர் ஓட்டப் போகிறவர்களும் பெரியவர்களும் முதலில் உண்கிறார்கள். அடுத்துப் பிள்ளைகள். பரிமாறிய பெண்கள் உட்காரும்போது சட்டியில் மிஞ்சியிருப்பது புளித்தண்ணீரும் அடிச்சோறும்தான்.

அந்தப் பெண்களும் காலையில் களை எடுத்தவர்கள். மாலையில் மாட்டுக்குத் தீவனம் சுமப்பவர்கள். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் சமையலறையிலேயே மாற்றக்கூடியது ஒன்று உண்டு: பருப்பும் கீரையும் கடைசிப் பந்தி வரை போய்ச் சேராமை.

ஆகவே சிக்கனம் என்பது பருப்பைக் குறைப்பதன்று. விறகிலும் எண்ணெயிலும் கடைச்சரக்கிலும் மிச்சம்பிடித்து, பருப்பையும் கீரையையும் காப்பதே சிக்கனம்.

எவ்வளவு வேண்டும்?

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராமும் பருப்பு வகை 85 கிராமும் கூறப்பட்டுள்ளன. வயலில் பாடுபடுபவருக்குத் தானியம் இன்னும் கூடுதலாக வேண்டும். பத்துப் பேர் வீட்டுக்கு நாளொன்றுக்கு 4 கிலோ தானியம், ஏறத்தாழ 900 கிராம் பருப்பு வகை என்று கணக்கு வைத்துக் கொள்ளலாம். பிள்ளைகள் பள்ளியில் சத்துணவு உண்ணும் நாட்களில் நண்பகல் அளவைக் குறைத்துக் கொள்ளலாம்.

அரிசியில் புரதம் 100 கிராமுக்கு 7 கிராம் அளவில்தான் உண்டு. பயறு வகைகளில் 20 முதல் 25 கிராம் வரை உண்டு. தானியப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்னும் பொருள் பயறில் நிறைய இருக்கிறது. பயறில் குறைவாக உள்ள மெத்தியோனின் தானியத்தில் இருக்கிறது. எனவே சோறும் பருப்பும் சேர்ந்தால்தான் உணவு முழுமை பெறும். சோற்றைக் கூட்டிப் பருப்பைக் குறைத்தால் வயிறு நிறையும், உடம்பு தேறாது.

காலை: கேழ்வரகுக் கூழ்

தேவை: கேழ்வரகு மாவு 750 கிராம், நொய்யரிசி 250 கிராம், தண்ணீர் மூன்றரை லிட்டர், உப்பு.

முதல் நாள் மாலையில் மாவை ஒன்றரை லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மண்பானையில் மூடி வைக்க வேண்டும். காலையில் மீதித் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, நொய்யைப் போட்டுக் குழைய வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். தண்ணீர் தொட்ட கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்கலாம். ஆறியபின் மோரும் உப்பும் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்துடன் கொடுக்கலாம்.

எண்ணெய் ஒரு சொட்டுக்கூட வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுண்ணாம்புச்சத்து உண்டு. அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவில்தான். வளரும் பிள்ளைகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் இதைவிட மலிவான சுண்ணாம்புச்சத்து கிடைப்பதரிது.

நண்பகல்: ஒரு வேவில் இரண்டு பதார்த்தம்

தேவை: அரிசி 2 கிலோ, கொள்ளு 500 கிராம், சின்ன வெங்காயம் 200 கிராம், தக்காளி 4, பூண்டு 2, மிளகாய் வற்றல் 8, சீரகம், மிளகு, மல்லி, மஞ்சள்தூள், எலுமிச்சம்பழம் 2.

கொள்ளைக் கல் அரித்துக் கழுவி, முதல் நாள் இரவே ஊற வைக்க வேண்டும். எட்டு மணி நேரம் ஊறிய கொள்ளு விரைவில் வேகும். மூன்று லிட்டர் தண்ணீரில் மலர வேகவைத்து, சாற்றைத் தனியாக வடித்துக் கொள்ள வேண்டும்.

வெந்த கொள்ளுடன் வெங்காயம், தக்காளி, மிளகாய், மல்லி, சீரகம், பூண்டில் பாதி ஆகியவற்றை வதக்கிச் சேர்த்து, மண்சட்டியில் மத்தால் கடைந்தால் மசியல். கொங்கு நாட்டு வீடுகளில் இது வழிவழியாக வரும் பக்குவம். வடித்த சாற்றில் மிளகு, சீரகம், மீதிப் பூண்டு தட்டிப் போட்டு, மஞ்சள்தூள் சேர்த்து, நுரை கட்டியதும் இறக்கினால் ரசம். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே எலுமிச்சம்பழத்தைப் பிழிய வேண்டும்; கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி அழிந்துவிடும். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள இந்த வைட்டமின் பெரிதும் உதவுகிறது. எலுமிச்சை விலை ஏறிய காலத்தில் நெல்லிக்காய் ஒரு துண்டோ கொய்யா ஒன்றோ போதும்.

சோறு வடித்த கஞ்சியில் பி வைட்டமின்களில் ஒரு பகுதி கரைந்து வந்துவிடுகிறது. அதைச் சாக்கடையில் ஊற்றாமல் உப்பும் மோரும் கலந்து பருகலாம். அல்லது கீரை வேகவைக்கும் தண்ணீராகப் பயன்படுத்தலாம்.

இரவு: கம்பஞ்சோறும் முருங்கைக்கீரைப் பருப்பும்

தேவை: மில்லில் உமி நீக்கி உடைத்த கம்பு 1 கிலோ, பாசிப்பருப்பு 400 கிராம், உருவிய முருங்கைக்கீரை அரைக் கிலோ, வறுத்துப் பொடித்த நிலக்கடலை 100 கிராம், வெங்காயம், பூண்டு, மிளகாய், எண்ணெய் 3 தேக்கரண்டி.

உடைத்த கம்பைச் சலித்தால் குருணை தனியாகவும் மாவு தனியாகவும் பிரியும். மூன்றரை லிட்டர் கொதிநீரில் குருணையை முதலில் போட்டு வேகவிட்டு, பிறகு மாவைக் கரைத்து ஊற்றிக் கிளற வேண்டும். கம்பில் எண்ணெய்ச்சத்து கூடுதலாக இருப்பதால் அரைத்த மாவு சில நாட்களில் கசந்துவிடும். ஒரு வாரத்திற்கு வேண்டியதை மட்டும் அரைத்துக் கொள்வது நல்லது.

பருப்பை மஞ்சள்தூளும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டு வேகவைத்தால் பொங்கி வழியாது. கீரையைக் கடைசியில் போட்டு ஏழு நிமிடம் வேகவிட்டால் போதும். தேங்காய்க்குப் பதில் நிலக்கடலைப் பொடியைத் தூவலாம்; செலவும் குறையும், புரதமும் கூடும். பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய கடலையைக் கட்டாயம் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அதில் ஈரலைக் கெடுக்கும் நச்சு இருக்கக்கூடும். வறுத்தாலும் அது முழுவதும் போகாது. அதை மாட்டுக்கும் போடலாகாது.

விறகைக் காப்பது எப்படி?

உலை கொதித்தபின் தீயை எவ்வளவு தூண்டினாலும் தண்ணீரின் சூடு ஏறுவதில்லை. ஆவிதான் கூடுதலாகப் போகிறது. எனவே கொதி வந்ததும் தீயைத் தணித்து, பாத்திரத்தை மூடிவைக்க வேண்டும்.

வைக்கோல் உள்ள வீட்டில் இன்னொரு வழியும் உண்டு. பெரிய கூடையில் அல்லது மரப்பெட்டியில் நான்கு விரற்கடை கனத்துக்கு வைக்கோலை இறுகத் திணித்து, நடுவே பாத்திரம் உட்காரும்படி குழி அமைத்துக் கொள்ள வேண்டும். ஊறிய பாசிப்பருப்பைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியுடன் அப்படியே குழியில் இறக்கி, மேலே பழஞ்சாக்கில் வைக்கோலை அடைத்து மூடிவிட்டால் ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். இடையில் திறந்து பார்க்கலாகாது. இரண்டு மணி நேரத்திற்கு மேல் உள்ளே வைத்திருக்கவும் கூடாது. சூடு தணிந்தால் கெட்டுவிடும். அடுப்புக்குப் பக்கத்தில் இந்தக் கூடையை வைக்கவே கூடாது.

களத்திலேயே ஒதுக்க வேண்டியது

தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்காரர்களுக்கு 2011 ஜூன் முதல் நியாய விலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. ஆகவே பெரிய குடும்பத்தில் பணம் கரைவது பெரும்பாலும் பருப்பிலும் எண்ணெயிலும் காய்கறியிலும்தான். அறுவடைக் காலத்தில் துவரையையும் கொள்ளையும் களத்திலேயே விற்றுவிட்டு, ஆறு மாதம் கழித்து அதையே கடையில் கூடுதல் விலைக்கு வாங்குவது சிறு விவசாயிக்கு இரட்டை நட்டம்.

நாளொன்றுக்கு 900 கிராம் என்றால் பத்துப் பேர் வீட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 330 கிலோ பயறு வகை வேண்டும். அவ்வளவும் விளையாவிட்டாலும், விளைந்ததில் வீட்டுப் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டு மீதியைச் சந்தைக்குக் கொண்டு போகலாம். பல்லில் கடித்தால் 'கடக்' என்று உடையும் வரை காயவைத்துச் சேமிக்க வேண்டும். முழுப்பயறைத் தாக்கும் வண்டு உடைத்த பருப்பில் அவ்வளவாகப் பெருகுவதில்லை. எனவே துவரையையும் பாசிப்பயறையும் பருப்பாக உடைத்து வைப்பது பாதுகாப்பு.

குளிக்கும் தண்ணீர் ஓடும் வாய்க்காலோரம் இரண்டு முருங்கையும், வேலியில் ஓர் அவரைக் கொடியும், மேட்டுப்பகுதியில் ஒரு பாத்தித் தண்டுக்கீரையும் இருந்தால் காய்கறிச் செலவு வெகுவாகக் குறையும்.

பரிமாறும் முறை

அளவு சரியாக இருந்தும் பங்கீடு தவறினால் பயன் இல்லை. இதற்கு எளிய வழி, சமைத்து முடித்தவுடன், முதல் பந்திக்கு இலை போடும் முன்பே, கடைசியில் உண்பவர்களின் பங்கு மசியலையும் கீரையையும் ஒரு மூடிய கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவதுதான். மசியலைக் கடைந்தவுடன் கரண்டியால் அளந்து பார்த்தால் ஆளுக்கு எத்தனை கரண்டி என்பது தெரிந்துவிடும். இரண்டு மூன்று நாளில் கைக்கணக்கு வந்துவிடும்.

கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் உள்ள வீட்டில் அவர்களைப் பிள்ளைகளோடு முதல் பந்தியிலேயே உட்கார வைப்பது இன்னும் நல்லது. சாப்பிட்டவுடன் தேநீர் குடிக்கும் வழக்கத்தை எல்லோரும் விட வேண்டும். தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

இதை வீட்டுப் பெண்கள் மட்டுமே செய்து முடிக்க இயலாது. தங்கள் பங்கைத் தாங்களே எடுத்து வைத்துக்கொள்ளப் பல பெண்கள் கூச்சப்படுவார்கள். "உங்கள் பங்கை எடுத்து வைத்தாயிற்றா?" என்று முதல் பந்தியில் உட்காரும் குடும்பத்தலைவர் நாள்தோறும் கேட்க வேண்டும். விதைநெல்லுக்குத் தனியாக எடுத்து வைத்த பின்தானே எந்த விவசாயியும் மீதி நெல்லில் கை வைக்கிறான்! வீட்டைத் தாங்கும் பெண்களின் பருப்பையும் அந்தக் கணக்கில் வைத்தல் வேண்டும்.