ஆடுகளம் அனைவர்க்கும் உரியது

சேலம் மாவட்டத்திற்கு அணியாய் விளங்குவது சேர்வராயன் மலை. அம்மலைமேல் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் ஏர்க்காடு அமைந்துள்ளது. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஊர்தியில் ஏறுவோரும் உளர்; காட்டுவழியே நடந்து ஏறுவோரும் உளர். வழி வேறாயினும் சேருமிடம் ஒன்றே. சிறாரின் உடற்கல்வியும் இத்தகையதே.

விளையாட்டு மணி ஒலித்ததும் களம் நோக்கி ஓடுவோர் பலர். அவர்தம் புத்தகப் பைகளுக்குக் காவலாய் வகுப்பறையில் தங்குபவன் ஒருவன். கால் வலிவற்றவன் என்று அவனை விலக்கி வைத்தல் அருளன்று, அறியாமையே ஆகும். விளையாட்டில் ஏனையோர்க்கு இணையான வாய்ப்பினை மாற்றுத்திறனுடைய சிறார்க்கும் பள்ளிகள் அளித்தல் வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த நெறியாகும்.

அஃது இயலுமோ எனச் சிலர் ஐயுறுவர். கும்மியை எண்ணிப் பார்க்க. வட்டத்திற்குத் தலையும் இல்லை, கடையும் இல்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்த சிறுமியும் அவ்வட்டத்துள் ஒருத்தியாய்க் கைகொட்டலாம். கோலாட்டத்தை எல்லாரும் அமர்ந்தே ஆடலாம். செவிப்புலன் குன்றிய சிறுவன் முழவின்மேல் உள்ளங்கையை வைத்து, அதன் அதிர்வால் தாளம் உணர்வான். ஆசிரியரின் கையசைவு கண்டு அடிவைப்பான். பார்வையற்ற சிறுமிக்கு, மணிகள் இட்ட பந்தின் ஓசையே வழிகாட்டும். பார்வையற்றோர் ஆடும் கோல்பால் என்னும் உலக விளையாட்டிற்குரிய பந்தினுள்ளும் மணிகளே உள்ளன. ஆசிரியர் மாற்ற வேண்டுவது ஆட்டத்தின் விதியையே அன்றிப் பிள்ளையை அன்று.

இவ்வுண்மைக்குச் சேலம் மாவட்டமே சான்று தந்துள்ளது. பெரியவடகம்பட்டி என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்தாம் அகவையில் பேருந்து ஒன்று ஏறியதால் அவரது வலக்கால் முழங்காலுக்குக் கீழ்ச் சிதைந்தது. எனினும் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் அவரை ஒதுக்கவில்லை. உயரம் தாண்டுமாறு ஊக்கினார். பதினான்காம் அகவையில், ஊனமற்ற மாணவரோடு போட்டியிட்டு அவர் இரண்டாமிடம் பெற்றார். 2016இல் ரியோ நகரில் நிகழ்ந்த பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். பின்னர் 2021இல் டோக்கியோவில் வெள்ளியும், 2024இல் பாரிசில் வெண்கலமும் பெற்றார்.

நடனக்கலைக்கும் இத்தகைய சான்று உண்டு. 1981இல் நேர்ந்த விபத்தின் விளைவாய் வலக்காலை இழந்த சுதா சந்திரன், செய்பூர்க்கால் எனப்படும் செயற்கைக் கால் அணிந்து, 1984இல் மீண்டும் பரதம் ஆடினார்.

ஆயின், பதக்கம் வெல்லுதல் எல்லார்க்கும் இயல்வதன்று. அதுவே உடற்கல்வியின் நோக்கமும் அன்று. உடல் உரம் பெறுதலும், உள்ளம் மலர்தலும், தோழரோடு கூடி மகிழ்தலுமே அதன் பயன். அப்பயன் ஒவ்வொரு குழந்தைக்கும் உரியது. புத்தகப் பைகள் தாமே வகுப்பறையில் கிடக்கட்டும்; அவற்றைக் காத்திருந்த சிறுவன் களத்திற்கு வருக!