பாடம்: உணரிக்கும் ஒரு முகவரி

நம் நியூ டவுனில் மடல் வீடு வந்து சேர, ஆக்‌ஷன் ஏரியா, மனை எண் ஆகியன பிழையின்றி அமைதல் வேண்டும். உணரிகளுக்கும் அவ்வாறே முகவரி உண்டு.

1982இல் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஐ-ஸ்கொயர்-சி முறையில், எஸ்.டி.ஏ., எஸ்.சி.எல். என்னும் இரண்டு கம்பிகளின் வழியே பல உணரிகள் நுண்கட்டுப்படுத்தியுடன் பேசும். அழைக்கப்பட்ட முகவரிக்குரிய உணரி மட்டுமே விடையளிக்கும்.

காற்றழுத்தம் அளக்கும் பி.எம்.பி.280 உணரிகள் இரண்டு ஒரே முகவரியில் இருப்பின், இரண்டும் ஒருங்கே விடையளிக்க, அளவீடு பிழையாகும். கருவி பழுதென்று எறிந்துவிடாதீர்! ஒன்றின் எஸ்.டி.ஓ. முனையைக் கிரவுண்டுடன் இணைத்தால் முகவரி 76. மற்றதன் முனையை 3.3 வோல்ட்டுடன் இணைத்தால் 77. இவை பதினாறு நிலை எண்கள்.

சொற்பொருள்: உணரி – சூழலின் அளவை அறியும் கருவி.

சிந்திக்க: மூன்றாவது பி.எம்.பி.280 உணரியை அதே கம்பிகளில் நேரடியாக இணைத்தல் ஏன் இயலாது?