கிரானைட்டின் ஜாதகம் சொல்லும் சிர்கான்



கிரானைட் என்றால் சிவில் மாணவனுக்குத் தெரியும். சிர்கான் மணல் என்றால் ஃபவுண்டரி படித்த மெக்கானிக்கல் மாணவனுக்குத் தெரியும். அதிகச் சூடு தாங்க வேண்டிய அச்சுகளுக்கு அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் இந்த இரண்டுக்கும் உள்ள உறவு நம் சிலபஸில் வருவதில்லை. கிரானைட் எதிலிருந்து பிறந்தது என்பதற்கு அதற்குள்ளேயே இருக்கும் சிர்கான் படிகம்தான் நல்ல சாட்சி. அதை எனக்குப் புரிந்த வகையில் இங்கே தருகிறேன்.

கேள்வி என்ன?

குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா ஆகியவை சேர்ந்தது கிரானைட். 1785ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில், கிரானைட் மற்ற பாறைகளுக்குள் நரம்பு நரம்பாகப் புகுந்திருப்பதை ஜேம்ஸ் ஹட்டன் பார்த்தார். உருகிய நிலையில் புகுந்தால்தான் அப்படி இருக்க முடியும் என்றார். சரி, உருகியது எது?

குப்போலா உலையை நினைத்துக் கொள்ளுங்கள். புது பிக் அயர்ன் போட்டும் உருக்கலாம், பழைய ஸ்கிராப் போட்டும் உருக்கலாம். வெளியே வந்த வார்ப்பை வெறும் கண்ணால் பார்த்து உள்ளே என்ன போட்டார்கள் என்று சொல்ல முடியுமா? கிரானைட்டிலும் இதே சிக்கல்தான். மேலோட்டுக்குக் கீழே உள்ள மேன்டில் பகுதியிலிருந்து புதுச்சரக்கு வந்ததா, பழைய மேலோடே மறுபடி உருகியதா? புதுச்சரக்கு என்றால் கண்டம் வளர்ந்திருக்கிறது. பழையது மட்டும் என்றால் கண்டம் தன்னைத்தானே திருப்பி வார்த்துக் கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சிர்கான் ஏன் நம்பகமான சாட்சி?

சிர்கான் என்பது சிர்கோனியம் சிலிகேட். மோஸ் அளவுகோலில் கடினம் 7.5. கிரானைட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மணியாகத்தான் இருக்கும். அரிப்பில் தேயாது, ரசாயனத்துக்கும் லேசில் மசியாது. சுற்றியுள்ள பாறை உருகினாலும் பல நேரம் பழைய மணி கரையாமல் தப்பி, நடுக்கருவாக நிற்கும். அதன் மேல் புதுச் சிர்கான் படியும். மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். ஒவ்வொரு அடுக்கையும் அயனிக் கற்றையாலோ லேசராலோ தனித்தனியே சோதிக்கலாம். அதனிடம் கேட்பது மூன்று கேள்விகள்.

1. வயது என்ன? சிர்கான் வளரும்போது யுரேனியத்தைச் சேர்க்கும், காரீயத்தை அநேகமாக ஒதுக்கிவிடும். எனவே உள்ளே இருக்கும் காரீயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து உண்டானதுதான். யுரேனியம் 238, காரீயம் 206 ஆக மாறுகிறது. அரை ஆயுள் காலம் 447 கோடி ஆண்டு. 100 கோடி ஆண்டுக்கு என்று கணக்கிட்டால் சிதைவு மாறிலி சுமார் 0.155. ஒரு மணியில் காரீயம் 206க்கும் யுரேனியம் 238க்கும் உள்ள அணு விகிதம் 0.064 என்று வைத்துக் கொள்வோம். 1.064க்கு இயல் மடக்கை 0.062. அதை 0.155ஆல் வகுத்தால் 0.4. அதாவது வயது 40 கோடி ஆண்டு. கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பாருங்கள்!

2. மூலப்பொருள் பூமியின் மேல்பரப்பைப் பார்த்ததா? பாறை மேல்பரப்பில் நீரோடு சேர்ந்து மக்கிக் களிமண் ஆகும்போது ஆக்ஸிஜன் 18 என்ற கனமான ஐசோடோப்பு கூடுகிறது. மேன்டிலிலிருந்து நேராக வந்த குழம்பில் வளர்ந்த சிர்கானில், கடல்நீரை அடிப்படையாகக் கொண்ட அளவுகோலில், இது ஆயிரத்துக்கு 5.3 அளவில் இருக்கும். அதைவிட நன்றாகக் கூடியிருந்தால் மக்கிய வண்டல் கலந்திருக்கிறது என்று பொருள்.

3. சரக்கு புதுசா, பழசா? சிர்கானில் ஹாஃப்னியம் உண்டு. லுட்டீஷியம் 176 சிதைந்து ஹாஃப்னியம் 176 ஆகிறது. மேன்டிலில் இது வேகமாகக் கூடும், பழைய மேலோட்டில் மெதுவாகக் கூடும். சிர்கானுக்குள் லுட்டீஷியம் மிகக் குறைவு. ஆகவே படிகம் உண்டான அன்றைய விகிதம் அப்படியே பதிவாகி நின்றுவிடும்.

ஆஸ்திரேலியாவில் என்ன நடந்தது?

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் 40 கோடி ஆண்டை ஒட்டிய கிரானைட் ஏராளம். 1974இல் சாப்பல், ஒயிட் என்ற இருவர் அவற்றை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். வண்டல் உருகி வந்தது 'எஸ்' வகை. பழைய அக்கினிப் பாறை உருகி வந்தது 'ஐ' வகை. இதில் ஹார்ன்பிளெண்டு இருக்கும். உலகம் முழுக்க இந்தப் பிரிவு பாடமாயிற்று. 'எஸ்' வகைச் சிர்கான்களின் நடுக்கருவில் 50 கோடி, 100 கோடி ஆண்டை ஒட்டிய வயதுகள் கிடைத்தன. கிரானைட்டைவிட அதிலுள்ள மணிக்கு வயது அதிகம்! வண்டல் மூலத்துக்கு அது பொருத்தமான சாட்சியம்.

திருப்பம் 'ஐ' வகையில்தான். 2007இல் டோனி கெம்ப் குழுவினர் அதன் சிர்கான்களில் ஆக்ஸிஜனையும் ஹாஃப்னியத்தையும் சேர்த்து அளந்தார்கள். ஆக்ஸிஜன் 18 கூடக் கூட, ஹாஃப்னியம் பழைய மேலோட்டுப் பக்கம் நகர்ந்தது. ஒரே மூலம் உருகியிருந்தால் இப்படிச் சாய்கோடு வராது; இரண்டு சரக்கு கலந்தால்தான் வரும். மேன்டிலிலிருந்து வந்த குழம்பு வண்டலோடு கலந்து உண்டானவையே இந்த 'ஐ' வகைப் பாறைகள் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். வெறும் பழைய ஸ்கிராப் இல்லை, புது பிக் அயர்னும் விழுந்திருக்கிறது. அதாவது அங்கே கண்டம் வளர்ந்திருக்கிறது.

இன்னும் பின்னே போனால் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ். அங்கே ஒரு சிர்கானுக்கு 440 கோடி ஆண்டு வயது என்று 2001இல் அறிவித்தார்கள். அதைப் பெற்ற தாய்ப்பாறை எப்போதோ அழிந்துவிட்டது. மணி மட்டும் மிஞ்சி, அதைவிட வெகு இளைய வண்டல் பாறையில் வந்து ஒண்டிக்கொண்டிருக்கிறது. அதன் ஆக்ஸிஜன், அந்தக் காலத்திலேயே பூமியில் நீர் இருந்திருக்கலாம் என்று காட்டுகிறது.

நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் இல்மனைட், கார்னெட்டுடன் சிர்கான் இருக்கிறது. ஏதோ ஒரு பாறை கரைந்த பின்னும் கரையாமல் மிஞ்சிய மணிகள் அவை.

நண்பர்களே, சாப்பலும் ஒயிட்டும் செய்தது கவனமான வேலை. அந்தப் பிரிவு இன்றைக்கும் பயன்படுகிறது. ஆனால் 'ஐ' வகைக்குச் சொன்ன காரணம், 33 ஆண்டு கழித்து, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு மணியை அளந்ததும் கேள்விக்குள்ளானது. பாடப்புத்தகத்தில் அச்சாகிவிட்டது என்பதற்காக ஒரு விஷயம் முடிந்துபோய்விடுவதில்லை. அளக்கத் தெரிந்தவன் அதை மறுபடி திறக்கலாம். அளப்பதுதானே டிப்ளமோ படிக்கிற நம்ம வேலை!