நீ யார் வீட்டுப் பிள்ளை?

நுழையும்முன்

மாணவர்களே! விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்லும்போது, திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவர் உங்களை அழைத்து, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று வினவியிருப்பார். நீங்கள் தந்தையின் பெயரைச் சொல்வீர்கள். அவர் அதனோடு நிறுத்தமாட்டார். தாத்தாவின் பெயரைக் கேட்பார். தாத்தாவின் தந்தை பெயரையும் கேட்பார். முடிவில், "அப்படியானால் உன் தாத்தாவும் நானும் ஒரே பாட்டனின் பேரர்கள். நீ எனக்குப் பேரப்பிள்ளை முறை" என்பார். உங்கள் உடையையோ பேச்சையோ வாழும் நகரத்தையோ அவர் கருதவில்லை. இருவருக்கும் பொதுவான முன்னோரைக் கண்டார், உறவு விளங்கிற்று. உயிரியல் அறிஞர்கள் உயிரினங்களிடம் எழுப்பும் வினாவும் இதுவே.

பழந்தமிழர் பகுப்பு

உயிர்களை வகைப்படுத்தும் முயற்சி மிகப் பழமையானது. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக ஆறு வகையாகப் பகுக்கிறது. இங்கு அறிவு என்பது தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணுதல், கேட்டல் ஆகிய புலன்களையும், மனத்தையும் குறிக்கும். புல்லும் மரமும் ஓரறிவுடையன, எறும்பு மூவறிவுடையது, மனிதன் ஆறறிவுடையவன்.

அதே மரபியல், புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் கூறுகிறது. இதன்படி பனையும் தென்னையும் மூங்கிலும் மரங்கள் அல்ல, புல்லினத்தைச் சேர்வன. இன்றைய தாவரவியலும் பனை, தென்னை, மூங்கில், நெல் ஆகியவற்றை ஒருவித்திலைத் தாவரங்கள் என ஒரே பெரும் பிரிவில் வைக்கிறது. தென்னை, மாமரத்தைவிட நெல்லுக்கே நெருங்கிய உறவுடையது. பரிணாமத்தை அறியாத காலத்திலும் கூர்ந்த நோக்கு உறவின் சுவட்டைத் தொட்டுவிட்டது. எனினும், கண்ணுக்குத் தெரியும் பண்பு எப்போதும் மெய்யான உறவைக் காட்டும் என்று கொள்ளலாகாது.

லின்னேயஸ் தந்த ஒழுங்கு

சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் 1735ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இயற்கைப் பொருள்களைப் படிப்படியாகப் பகுத்தார். அம்முறை பின்னர் விரிவடைந்து உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்னும் ஏழு படிகளாயிற்று. பேரினப் பெயரையும் சிற்றினப் பெயரையும் சேர்த்து இருசொற்களால் உயிரினத்தைக் குறிக்கும் முறையையும் அவரே நிலைநாட்டினார். நாம் மாமரம் என்பதை இந்தி பேசுவோர் ஆம் என்பர்; அறிவியலுலகு முழுவதும் அதற்கு 'மாஞ்சிஃபெரா இண்டிகா' என்பதே பெயர்.

அத்தகைய அறிஞரும் தொடக்கத்தில் திமிங்கிலத்தை மீன்களோடு சேர்த்தார். 1758ஆம் ஆண்டு வெளிவந்த பத்தாம் பதிப்பில்தான் அதைப் பாலூட்டிகளின் வகுப்புக்கு மாற்றினார்.

தோற்றம் தரும் மயக்கம்

நம் நாட்டின் தேசிய நீர்வாழ் விலங்கு கங்கை ஓங்கில். ஓங்கிலை நாம் டால்பின் என்றும் வழங்குகிறோம். அதுவும் திமிங்கில இனத்தைச் சேர்ந்ததே. அதையும் சுறாவையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் நீரில் வாழ்கின்றன. இரண்டுக்கும் நீண்ட உடலும் துடுப்புகளும் உள்ளன. ஆயினும் ஓங்கில் நுரையீரலால் மூச்சுவிடுகிறது; குட்டிக்குப் பாலூட்டுகிறது. சுறா தன் வாலைப் பக்கவாட்டில் அசைக்கும்; ஓங்கிலோ மேலும் கீழுமாக அசைக்கும். ஓங்கிலின் துடுப்பினுள்ளே நம் கையில் உள்ளவாறே மேற்கை எலும்பும், முன்கை எலும்புகள் இரண்டும், விரல் எலும்புகளும் இருக்கின்றன.

நீரில் விரைந்து செல்ல வேண்டிய தேவை இவ்விரு விலங்குகளின் புறவடிவை ஒன்றுபோல் ஆக்கிற்று. இவ்வாறு வேறுவேறு வழியில் தோன்றி ஒரே வேலையைச் செய்பவை செயலொத்த உறுப்புகள் எனப்படும். நம் கையும் ஓங்கிலின் துடுப்பும் வேறு வேலையைச் செய்தாலும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை. இவை அமைப்பொத்த உறுப்புகள். உறவைச் சொல்பவை இவையே.

உறவை அறியும் வழி

சார்லஸ் டார்வின் 1837ஆம் ஆண்டு தம் குறிப்பேட்டில் கிளைவிடும் மரம் ஒன்றை வரைந்தார். 1859ஆம் ஆண்டு வெளியான அவருடைய நூல், உயிரினங்கள் பொது மூதாதையரிடமிருந்து கிளைத்தவை என்பதை விளக்கிற்று. அதன்பின், வகைப்படுத்துதல் என்பது பெட்டிகளில் அடுக்குவதாக இல்லாமல் குலமரம் வரைவதாக மாறியது.

எந்தப் பண்பைக் கொண்டு மரம் வரைவது? ஜெர்மானியப் பூச்சியியல் அறிஞர் வில்லி ஹென்னிக் 1950ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் தெளிவான விதி ஒன்றை அளித்தார். சுறா, ஓங்கில், பசு ஆகிய மூன்றுக்கும் முதுகெலும்பு உண்டு. அது மூன்றுக்கும் பொதுவான பழைய சொத்து. ஆகையால் அம்மூன்றனுள் எவை இரண்டு நெருங்கியவை என்பதை அது சொல்லாது. பாற்சுரப்பியோ ஓங்கிலுக்கும் பசுவுக்கும் மட்டும் உண்டு. அது பின்னாளில் ஒரு மூதாதையிடம் புதிதாகத் தோன்றி, அதன் வழியினருக்கு வந்தது. இத்தகைய புதுப்பண்பைப் பகிர்ந்துகொள்வனவே நெருங்கிய உறவினர்.

காலாகோட்டுக் கல்

பாலூட்டிகளுள் திமிங்கிலத்திற்கு மிக நெருங்கியது எது? 1990களில் மரபணுக்களை ஒப்பிட்ட அறிஞர்கள், இன்று வாழும் விலங்குகளுள் நீர்யானையே அது என்றனர். நீர்யானை, பன்றி, மான், பசு ஆகியன இரட்டைக் குளம்பிகள். ஆகவே பசுவானது குதிரையைவிடத் திமிங்கிலத்திற்கே நெருங்கிய உறவாகிறது! பலர் வியந்தனர், எலும்புச் சான்றும் வேண்டும் என்றனர்.

அச்சான்றுகளுள் ஒன்று நம் நாட்டில் இருந்தது. இந்திய நிலவியலறிஞர் ரங்கா ராவ், ஜம்முப் பகுதியின் காலாகோட் என்னும் இடத்தில் புதைபடிவங்கள் அடங்கிய பாறைகளைத் திரட்டினார். அவற்றுள் கிடைத்த பற்களையும் தாடைத் துண்டுகளையும் கொண்டு, 'இந்தோஹையஸ்' என்னும் விலங்கை 1971ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தார். இந்தியப் பன்றி என்பது அப்பெயரின் பொருள். பல பாறைகள் உடைக்கப்படாமலே இருக்க, அவர் மறைந்தார். அவருடைய மனைவி அக்கற்களைக் காத்துவந்து, பின்னர் ஹான்ஸ் தெவிசன் என்னும் ஆய்வாளரிடம் ஒப்படைத்தார்.

தெவிசனின் ஆய்வகத்தில் கற்களைச் செதுக்கிய பணியாளர் தவறுதலாக ஒரு மண்டையோட்டை உடைத்துவிட்டார். உள்ளே இருந்த செவியெலும்பு வெளிப்பட்டது. அதன் உட்புறச் சுவர் மிகத் தடித்திருந்தது. அதுவரை திமிங்கில இனத்தில் மட்டுமே காணப்பட்ட புதுப்பண்பு அது! பூனையளவே இருந்த இந்தோஹையஸ், ஏறத்தாழ 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த குளம்புடைய சிறு விலங்கு. இதைத் திமிங்கிலத்தின் நேர் மூதாதை என்பதற்கில்லை. அம்மூதாதையின் பங்காளி எனலாம். 2007ஆம் ஆண்டு இச்செய்தி வெளியாயிற்று.

நிலத்தில் நடந்தோரின் வழிவந்த திமிங்கிலம் கடலுக்குக் குடிபெயர்ந்தது, கால்களை இழந்தது, உருவும் மாறியது. எனினும் தான் யார் வீட்டுப் பிள்ளை என்பதை அதன் செவியெலும்பு மறக்கவில்லை. இடம் மாறினாலும் உறவு அறுவதில்லை. கேட்டறிய ஒருவர் வேண்டும், அவ்வளவே.

சொல்லும் பொருளும்

ஈறாக – முடிவாக
வைரம் – மரத்தின் உறுதியான பகுதி
சுவடு – அடையாளம்
மூதாதை – முன்னோர்
புதைபடிவம் – பாறையில் பதிந்து எஞ்சிய தொல்லுயிரின் உடற்பகுதி
பங்காளி – ஒரே குலத்தில் பிறந்த உறவினர்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. பழந்தமிழ்ப் பகுப்பின்படி எறும்பு ________ உடையது.
2. இன்று வாழ்வனவற்றுள் திமிங்கிலத்திற்கு மிக நெருங்கிய விலங்கு ________.

ஆ. பிரித்து எழுதுக.
1. உயிரினம் 2. செவியெலும்பு 3. முதுகெலும்பு

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. பனையைப் புல் எனத் தொல்காப்பியம் கொள்வது ஏன்?
2. முதுகெலும்பைக் கொண்டு சுறா, ஓங்கில், பசு ஆகியவற்றின் நெருக்கத்தை அறிய இயலாதது ஏன்?

ஈ. சிந்தித்து எழுதுக.
வௌவாலின் சிறகும் தும்பியின் சிறகும் செயலொத்தவையா, அமைப்பொத்தவையா? காரணம் கூறுக.

உ. செயல்பாடு
உங்கள் தாத்தா அல்லது பாட்டியிடம் நேரிலோ தொலைபேசியிலோ கேட்டு, மூன்று தலைமுறையினரின் பெயர்களைக் கொண்ட குலமரம் ஒன்றை வரைக. பெயர்களைத் தமிழில் எழுதுக. உங்களுக்கும் உங்கள் சிற்றப்பா அல்லது மாமாவின் பிள்ளைகளுக்கும் பொதுவான முன்னோர் யாவர் என்பதை வட்டமிட்டுக் காட்டுக.