வானத்து விருந்தாளியும் வீட்டுக் கோழியும்



சாரல் விழுந்தால் குற்றாலத்துக்கு ஊர் ஊராய் ஆட்கள் வருகிற மாதிரி, பறவைகளுக்கும் ஒரு சீசன் உண்டு. பனிக்காலத்தில் நம்ம பக்கத்துக் குளங்களுக்கு வெளிநாட்டுப் பறவைகள் வருகின்றன. நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து, மங்கோலியாப் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டிப் பறந்து வருவது.

பறவையோடு நோயும் வருமா?

வரலாம். 2005-ல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் பறவைக் காய்ச்சலில் செத்தன. அவற்றில் வரித்தலை வாத்துகள் ஏராளம். 2006 பிப்ரவரியில் நம் நாட்டில் முதன்முறையாக மகாராஷ்டிராவின் நவாப்பூர் கோழிப்பண்ணைகளில் அந்நோய் கண்டுபிடிக்கப்பட்டது.

நோயுள்ள பறவையின் எச்சத்திலும் சளியிலும் கிருமி இருக்கும். அது குளத்துத் தண்ணீரில் கலக்கும். அங்கே மேயும் வாத்துக்குத் தொற்றும். சில வாத்துகள் நோயே காட்டாமல் கிருமியைச் சுமக்கும். ஆனால் வருகிற பறவை எல்லாமே நோயோடு வருவதில்லை.

"அப்போ பறவையை விரட்டிட்டா என்னக்கா?"

விரட்டினால் அடுத்த குளத்துக்குப் போகும். நோய் இருந்தால் அதுவும் கூடவே போகும். குளத்தில் விழும் அதன் எச்சம் வயலுக்கு நல்ல உரம், அதையும் இழப்போம்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வானத்தில் வந்த நோய் ஊர் விட்டு ஊர் போவது பெரும்பாலும் நம்ம கையால்தான். கூண்டு, முட்டை அட்டை, லாரி டயர், செருப்பு எல்லாவற்றிலும் கிருமி ஒட்டிக்கொள்ளும். கேரளாவில் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் 2014-லும் 2021-லும் வாத்துகள் கூட்டமாகச் செத்தன. அப்படி நோய் வரும்போதுதான் புளியரை சோதனைச் சாவடியில் வண்டிகளுக்கு மருந்து தெளிக்கிறார்கள்.

மறைக்காதீர்கள்

குழுக் கடனில் நாட்டுக்கோழி வாங்கிய சகோதரிக்கு நாலு கோழி செத்தால் வயிறு எரியத்தான் செய்யும். "மிச்சத்தையாவது சந்தையில தள்ளிடுவோம்"னு தோன்றும். அந்த ஒரு கூடையில்தான் நோய் பத்து வீட்டுக்குப் போகும். தவணையைக் குழுவில் பேசித் தள்ளி வைக்கலாம். விற்ற நோயைத் திரும்ப வாங்க முடியாது.

நாம் செய்ய வேண்டியவை

1. கோழி, வாத்துகளைக் குளத்துப் பறவைகளோடு மேய விடாதீர்கள். குளத்துத் தண்ணீரைக் குடிக்க வைக்காதீர்கள்.
2. புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியாக அடையுங்கள்.
3. கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தாலோ, கொண்டை நீலம் பாய்ந்தாலோ, முகம் வீங்கினாலோ உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். வெள்ளைக்கழிச்சலிலும் கோழி இப்படிச் சாகும். பரிசோதித்தால்தான் எதுவென்று தெரியும். அந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு, தவறாமல் போடுங்கள்.
4. செத்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள். குழந்தைகளை விடாதீர்கள். அபூர்வமாக மனிதருக்கும் தொற்றும்.
5. கறியையும் முட்டையையும் நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடும். வீண் பயம் வேண்டாம்.

அரசு உத்தரவுப்படி அழிக்கப்படும் கோழிகளுக்கு இழப்பீடு தரும் ஏற்பாடு இருக்கிறது. எனவே தகவல் சொல்ல யாரும் தயங்க வேண்டாம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்து, கால்நடை மருந்தகத்தின் தொலைபேசி எண்ணைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.

பறவையை விரட்ட வேண்டாம். நோயை மறைக்க வேண்டாம்!