அடகு நகையும் ஆண்டவர் வருகையும்

கிறிஸ்துவுக்குள் பிரியமான தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. கன்வென்ஷன் பந்தல் எவ்வளவு பெரிது, கூட்டம் எவ்வளவு, பாட்டுக் குழு எந்த ஊர் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருக்கிறாய்: வருகை இவ்வளவு சமீபமாக இருக்கும்போது அம்மா நகையை மீட்டு என்ன ஆகப்போகிறது சார்? மற்றதையெல்லாம் படித்து மடித்து வைத்துவிட்டேன். இந்தக் கேள்வி மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

கோபம் வந்ததை மறைக்கப் போவதில்லை. அதில் பாதி உனக்கு, பாதி அங்கே பேசிய பிரசங்கியாருக்கு. யுத்தச் செய்தி, பூகம்பச் செய்தி, ஆதார் அட்டை, பார்கோடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்கி, இன்னும் கொஞ்ச காலம்தான் என்று மேடையைத் தட்டியிருப்பார். அடுத்த வருஷக் கன்வென்ஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டாரா என்று கமிட்டிக்காரர்களைக் கேட்டுப் பார். கட்டாயம் கொடுத்திருப்பார்.

அந்த நாளும் நாழிகையும் யாருக்கும் தெரியாது என்பது ஓய்வுநாள் பள்ளியிலேயே உனக்கு மனப்பாடம். அதை நான் திரும்ப ஒப்புவிக்க வேண்டாம். நீ கணக்கில் கெட்டிக்காரன். எனவே உனக்கு ஒரு கணக்குக்காரர் கதையைச் சொல்கிறேன்.

மிகாயேல் ஸ்டீஃபெல் என்று ஒருவர். ஜெர்மனியில் எஸ்லிங்கன் ஊர்க்காரர். அகஸ்தீனிய மடத்துத் துறவியாக இருந்து மார்ட்டின் லூதர் பக்கம் வந்தவர். லூதருக்கு நெருங்கிய நண்பர். 1528இல் லோஹாவ் என்ற கிராமச் சபையை லூதரே அவருக்கு வாங்கிக் கொடுத்தார். மனிதருக்கு எண் என்றால் உயிர். வெளிப்படுத்தல் 13இல் உள்ள 666ஐ அவரால் சும்மா விட முடியவில்லை. போப்பு பத்தாம் லியோவின் பெயரை லத்தீனில் ‘லியோ டெசிமுஸ்’ என்று எழுதி, ரோம எண்ணாகவும் வழங்கும் எழுத்துகளை மட்டும் பொறுக்கினார். எல் 50, டி 500, சி 100, ஐ 1, எம் 1000, வி 5. கூட்டினால் 1656. ஒத்துவரவில்லை. லியோ பத்தாமவர், பெயரிலும் எழுத்து பத்து, ஆகவே ஒரு 10 சேர் என்றார். 1666. இன்னும் ஆயிரம் அதிகம். எம் என்பது ‘இரகசியம்’ என்ற லத்தீன் சொல்லின் முதலெழுத்து, அதைத் தள்ளு என்றார். 666 வந்துவிட்டது!

பரீட்சைத் தாளில் நீ இப்படிப் போட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியும். விடையை முதலில் வைத்துக்கொண்டு வழியைப் பிறகு தேடினால் எந்தப் பெயரிலிருந்தும் எந்த எண்ணும் வரும். உன் பெயரிலும் வரும், என் பெயரிலும் வரும். இன்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிற கணக்குகளில் இந்த அளவு உழைப்புகூடக் கிடையாது.

ஸ்டீஃபெல் அதோடு விட்டிருந்தால் வேடிக்கையாகப் போயிருக்கும். 1532இல் விட்டன்பர்க்கில் ஒரு சிறு புத்தகம் போட்டார். பிறகு நாளும் நேரமும் குறித்தார்: 1533 அக்டோபர் 19, காலை 8 மணி. லூதர் விட்டுவிடு என்று சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. லோஹாவ் குடியானவர்கள் நிலத்தைக் கவனிக்காமல் விட்டார்கள், இருந்ததைத் தின்று குடித்துத் தீர்த்தார்கள், வெளியூர்க்காரர்களும் வந்து கூடினார்கள். 8 மணி ஆயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டீஃபெலைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். சபையும் கைவிட்டுப் போயிற்று. லூதரும் அவருடைய தோழர் மெலாங்தனும் பரிந்து பேசியதால் தப்பித்தார். 1535இல் ஹோல்ஸ்டோர்ஃப் என்ற ஊரில் வேறு சபையும் கிடைத்தது.

எனக்கு அந்தக் குடியானவர்கள் நினைப்புதான். அந்த நாட்டில் குளிர்காலப் பயிருக்கு விதைக்கிற பருவம் அது. அக்டோபர் 20ஆம் தேதி காலையில் அவர்கள் எழுந்து பார்த்தபோது பத்தாயம் காலி, நிலம் தரிசு, முன்னால் முழுக் குளிர்காலம். போதகருக்கு வேறு ஊர் கிடைத்தது, குடியானவனுக்கு வேறு வருஷம் கிடைக்குமா? வரலாற்று நூல்களில் ஸ்டீஃபெலைப் பற்றிப் பக்கங்கள் இருக்கின்றன. அந்த வீடுகளில் அடுப்பு எரிந்ததா என்று எழுதுவார் இல்லை.

ஸ்டீஃபெலை இன்னும் கொஞ்சம் தொடர்ந்து சொன்னால் பொறுத்துக்கொள். நாள் குறிப்பதை விட்டுவிட்டு அவர் நிஜக் கணக்கில் இறங்கினார். 1544இல் வந்த அவருடைய ‘அரித்மெடிகா இன்டெக்ரா’ அந்த நூற்றாண்டின் பெரிய கணித நூல்களில் ஒன்று. மேல் வரியில் 0, 1, 2, 3, 4, 5. கீழ் வரியில் 1, 2, 4, 8, 16, 32. மேலே 2ஐயும் 3ஐயும் கூட்டினால் 5. கீழே 4ஐயும் 8ஐயும் பெருக்கினால் 32. மேல்வரிக் கூட்டல் கீழ்வரிப் பெருக்கலாக மாறுகிறது. பூஜ்யத்துக்குக் கீழும் போய், அரை, கால், அரைக்கால் என்று அதே பட்டியலை நீட்டினார். 1614இல் நேப்பியர் வெளியிட்ட மடக்கைக்கு இந்தப் பட்டியல்தான் வாசற்படி. பதினோராம் வகுப்பில் மடக்கை அட்டவணையோடு நீ மல்லுக்கட்டியபோது இந்தக் கதையைச் சொல்லியிருக்க வேண்டும், அப்போது போர்ஷன் முடிக்கிற அவசரம். ஆனால் மனிதர் முழுக்கத் திருந்தினார் என்று நினைத்துவிடாதே. 1553இல் மறுபடியும் எழுத்தெண்ணிக் கணக்குப் புத்தகம் ஒன்று போட்டார். இந்த அரிப்பு லேசில் போகாது.

இப்படி நாள் குறித்தவர் நம் பக்கத்திலும் உண்டு. யுஸ்துஸ் யோசேப்பு என்பவர் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து திருவிதாங்கூரில் சி.எம்.எஸ். மிஷன் குருவானவராக இருந்தவர், நல்ல வித்துவான். 1875இல் தனிச் சபை கண்டு, 1881இல் ஆண்டவர் வருவார் என்றார். ஊரார் அந்தக் கூட்டத்துக்கு ‘அஞ்சர வேதக்காரர்’ என்று பெயர் வைத்தார்கள், ஐந்தரை வருஷக் கணக்கை வைத்து. 1881 வந்தது, போனது. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22 என்று நம்பியிருந்ததும் இதே கதைதான். அவர்கள் வெள்ளை அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு கூரைமேல் ஏறி நின்றார்கள் என்று இன்றும் பிரசங்கத்தில் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று 1944இலேயே நிக்கல் என்பவர் ஒரு தடித்த புத்தகம் எழுதிவிட்டார். யாரும் படிப்பதில்லை.

ஆதாரம் இல்லாதவற்றில் இன்னொன்று. நாளைக்கு உலகம் முடியும் என்றால் இன்றைக்கு ஆப்பிள் கன்று நடுவேன் என்று லூதர் சொன்னதாக உன் வாலிபர் சங்க நாட்காட்டியிலும் போட்டிருப்பார்கள். லூதர் எழுத்தில் அது எங்கும் கிடையாது. 1944க்கு முன் அதை யாரும் எழுதிய தடயமும் அகப்படவில்லை. தயவுசெய்து அதை விட்டுவிடு. உண்மையில் நடந்தது அதைவிட அழகானது. லூதரும் முடிவு மிகச் சமீபம் என்று நம்பியவர்தான். வேதாகமம் முழுவதையும் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் உலகம் முடிந்துவிடுமோ என்ற அச்சத்தில் தானியேல் புத்தகத்தை மட்டும் முந்தி 1530இல் வெளியிட்டார். ஆனால் மற்றப் புத்தகங்களைத் தூக்கிப் போடவில்லை. 1534இல் முழு வேதாகமமும் வந்தது. அதன் பிறகும் 1546இல் இறக்கும்வரை உட்கார்ந்து திருத்திக்கொண்டே இருந்தார். நேரம் குறைவு என்று நம்பியவர் கையிலிருந்த வேலையை விரைவுபடுத்தினார். நீயோ நேரம் குறைவு என்று நம்பி அம்மாவின் கடனைக் கட்டுவதை நிறுத்தப் பார்க்கிறாய்.

நீ தெசலோனிக்கேயரை மேற்கோள் காட்டியிருப்பதால் அதற்கும் வருகிறேன். எக்காளம் முழங்கும், மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவோம் என்ற இடத்தை முழுக்க எழுதியிருக்கிறாய். அதற்குச் சற்று முன்னால் அதே 4ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்வதை ஏன் விட்டாய்? அமைதலாய் இரு, உன் சொந்த அலுவலைப் பார், உன் கையால் வேலை செய், ஒருவரிடமும் கையேந்தாதே. எக்காளத்துக்கும் கைவேலைக்கும் நடுவே சில வரிகள்தான். எழுதியவர் கூடாரத் தொழிலாளி. அந்த ஊரில் ஒருவருக்கும் பாரமாயிராதபடி இராப்பகலாக வேலை செய்தேன் என்று அதே நிருபத்தில் நினைவூட்டுகிறார். ஒழுங்கற்றுத் திரிபவர்களைப் பற்றி இரண்டாம் நிருபத்தில் கடுமையாகவே எழுதுகிறார். அவர்கள் வருகையை நம்பித்தான் வேலையை விட்டார்கள் என்று பிரசங்கத்தில் நாம் சேர்த்துச் சொல்கிறோம், பவுல் அப்படிக் காரணம் எதுவும் எழுதவில்லை. பணக்காரர் வாசலில் அண்டிப் பிழைத்த கூட்டம் என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். எதுவாகவும் இருக்கட்டும், உண்ட சோறு இன்னொருவர் உழைத்த சோறு.

விழித்திருங்கள் என்று இயேசு சொன்னதற்கு என்ன பொருள் என்று கேட்பாய். பத்துக் கன்னிகைகளைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு கட்சி உண்டு. எங்கள் ஆயர் அதை ஒப்புக்கொள்வதில்லை. மத்தேயு 25ஐ எடுத்துப் பார். மணவாளன் தாமதித்தபோது தூங்கியது புத்தியில்லாத ஐந்து பேர் மட்டுமா? பத்துப் பேரும் தூங்கினார்கள். புத்தியுள்ளவர்களும் நன்றாகத் தூங்கினார்கள், அதற்காக அவர்களை ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை. அவர்கள் எண்ணெயை முன்னாலேயே வாங்கி வைத்திருந்தார்கள், செய்ய வேண்டியது பாக்கியில்லை, ஆகவே தூங்க முடிந்தது. இராமுழுக்க யூடியூபில் தீர்க்கதரிசன விளக்கம் பார்த்துவிட்டுக் காலையில் வேலைக்குப் பிந்திப் போகிறவனைவிடக் கணக்கு வழக்கை முடித்துவிட்டுப் படுத்துத் தூங்குகிறவனே வருகைக்கு ஆயத்தமானவன். அதற்கு முந்தின அதிகாரத்து ஊழியக்காரனையும் பார். எஜமான் வரும்போது அவன் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமென்று எதிர்பார்க்கவில்லை. வேலைக்காரருக்கு ஏற்ற வேளையில் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பொல்லாத ஊழியக்காரன் செய்த குற்றமும் கூட வேலை செய்கிறவர்களை அடித்தது, குடிகாரரோடு கூடித் தின்றது. நாள் கணக்கைத் தப்பாகப் போட்டான் என்று அவனை யாரும் தண்டிக்கவில்லை.

இனி உன் அம்மா. உன் கல்லூரிக் கட்டணத்துக்காக அந்த நகை பாங்குக்குப் போன கதை எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தப் பாரத்தில் சாட்சிக் கையெழுத்து மட்டும்தான் நான் போடவில்லை. மற்றபடி கூடவே இருந்தேன். நகை போனதிலிருந்து அவர்கள் கல்யாண வீடுகளுக்குப் போவதைக் குறைத்துவிட்டார்கள். கழுத்தில் மணிச்சரடு, கையில் ரப்பர் வளையல். கேட்டால் வயசாயிற்று, இனி எதற்கு என்பார்கள். வட்டி கட்டிப் புதுப்பிக்காமல் விட்டால் ஏல அறிவிப்பு வரும், அது அவர்கள் பெயருக்குத்தான் வரும். வருகை சமீபம் என்று நீ நம்பினாய், சரி. அந்த நம்பிக்கைக்கு வட்டி கட்டுவது யார்? லோஹாவில் கட்டியவர்கள் குடியானவர்கள். உன் வீட்டில் கட்டுவது அம்மா.

ரோமர் 13ஐ நிதானமாக வாசி. 11ஆம் வசனம்தான் ஒவ்வொரு ஆகமன காலத்திலும் கோவிலில் வாசிக்கிறோமே, தூக்கம் விட்டு எழும்புகிற வேளை, இரட்சிப்பு சமீபம் என்று. அதற்கு மூன்றே வசனம் முன்னால், 8ஆம் வசனத்தில், அன்பைத் தவிர வேறே ஒன்றிலும் யாருக்கும் கடன்படாதே என்கிறார் பவுல். யாக்கோபு 5ஐயும் அதோடு சேர். 7ஆம் வசனம் வருகை வரைக்கும் பொறுமையாயிரு என்று சொல்லி, மழைக்குக் காத்திருக்கிற பயிரிடுகிறவனைக் காட்டுகிறது. விதைத்துவிட்டுக் காத்திருக்கிறவன் அவன். 4ஆம் வசனம் அறுப்புக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்துக்கொண்ட கூலி கூக்குரலிடுகிறது என்கிறது. வருகையைப் பேசும்போதெல்லாம் அப்போஸ்தலர்களுக்குக் கடன், கூலி, கைவேலை நினைவுக்கு வந்திருக்கிறது. நம் கன்வென்ஷன் மேடைகளில் பார்கோடு நினைவுக்கு வருகிறது.

ஆகவே இந்த மாதச் சம்பளத்தில் வட்டியைக் கட்டு. போனஸ் வந்ததும் முதலையும் அடைத்து நகையை மீட்டு, நீயே கொண்டுபோய் அம்மா கையில் கொடு. முழுநேர ஊழியத்துக்குப் போகிற உன் யோசனையைப் பற்றி அதற்கு அப்புறம் எழுது. உன்னைத் தடுக்க மாட்டேன், ஆனால் அடகுச் சீட்டோடு போகிற ஊழியக்காரனுக்குச் சிபாரிசுக் கடிதம் தரவும் மாட்டேன். வேலை செய்கிற இடத்தில் பொய்க் கணக்கு எழுதச் சொல்கிறார்கள் என்று ஒரு வரி போட்டிருந்தாயே, என்னைக் கேட்டால் அதுதான் இப்போது உனக்கு வருகைக்கு ஆயத்தப்படுகிற இடம். அதைப் பற்றி விவரமாக எழுது.

வெளிப்படுத்தல் எப்படி வாசிப்பது என்றும் கேட்டிருக்கிறாய். 13இல் ஆரம்பிக்காதே. 2, 3 அதிகாரங்களில் ஆரம்பி. எபேசு முதல் லவோதிக்கேயா வரை ஏழு சபைக்கும் ஏழு கடிதம். வரப்போகிறவர் அந்த ஏழு ஊர் சபைகளிலும் எதை விசாரிக்கிறார், எதைக் கேட்கவே இல்லை என்று இரண்டு பத்தியாகப் பிரித்து ஒரு தாளில் எழுதி அனுப்பு. எண்களைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

கர்த்தருக்குள் அன்புள்ள,
உன் கணக்கு வாத்தியார்